மாடிப்படி உள்ளே இருக்கும் வீடு

தை மாதம், செவ்வாய் இரவு

பிற்பகல் மழை விட்டதும் முரளி கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். விவாகரத்துக்குப் பிறகு வீடு எனக்கு, பக்கத்து வயல் அவருக்கு என்று ஆகி ஏழு மாதமாகிறது. இதுவரை அவர் இந்த வாசலுக்கு வந்ததில்லை.

“களமெல்லாம் சேறு. அறுத்த நெல்லு முளைச்சிரும் போலிருக்கு. நம்ம மாடியில...” என்றவர் நிறுத்தி, “மாடியில காயப் போட்டுக்கட்டுமா?” என்றார்.

வீடு கட்டும்போது திருட்டுப் பயத்தில் மாடிப்படியை உள்ளே வைத்துவிட்டோம். மாடிக்குப் போக என் கூடத்தைக் கடந்தாக வேண்டும். இரவல் கொடுக்கும் புத்தகத்தில்கூடப் பெயர் எழுதிவிடலாம். இது என்னுடையது என்று வீட்டில் எங்கே எழுதுவது?

எதிர்வீட்டு ராணி அக்கா சும்மா இருக்கவில்லை. “பத்திரத்துல பிரிச்சீங்க, சரி. மழைகிட்ட சொல்லிட்டீங்களா?”

கதவைத் திறந்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். படி திரும்பும் இடத்தில் கூரை தாழ்வு. தலையில் மூட்டையோடு, பார்க்காமலே, ஒவ்வொரு முறையும் சரியாகக் குனிந்தார்.

கிளம்பும்போது, “நெல்லை அப்பப்போ கிளறி விடணும். நீ ஸ்கூலுக்குப் போயிடுவே. சாவி பழைய இடத்துலதானே?” என்றார்.

“அங்க வைக்கிறதில்லீங்க. காலையில எட்டுக்குள்ள வாங்க, இல்லன்னா அஞ்சுக்கு மேல.”

“மத்தியான வெயில்லதானே கிளறணும்?”

“சாப்பாட்டு நேரத்துல நான் வந்து கிளறி விடுறேன்.”

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நாளை நல்ல வெயில் அடிக்க வேண்டும். ஒரே நாளில் காய்ந்துவிட வேண்டும்.