ஆறு வரியில் அக்கா

அக்கா, உங்கள் மோட்டார் பட்டறையில் மறுபடியும் வார்னிஷ் வாசனை. நீங்கள் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் இந்தச் சந்தோஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உங்கள் மறைவுச் செய்தியை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். ரிட்டயர் ஆனாலும் தமிழ் வாத்தியார் அல்லவா! நம் அப்பாவுக்கும் நான்தானே எழுதினேன். அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம் என்று அடுக்கி, இதே வாசலில் கொண்டுவந்து நீட்டினேன். நீங்கள் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தினீர்கள். சுற்றுகளை எண்ணி முடித்த பிறகுதான் வாங்கிப் படித்தீர்கள்.

"ஏந்தம்பி, இதுல நம்மப்பனையே காணோமே. ஆரு செத்தாலும் இதையே போட்டுக்கலாமாட்ட இருக்குது."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. 'நல்லவர் என்று எழுதாதே, அவர் செய்த ஒரு காரியத்தை எழுது' என்று வகுப்பில் உதாரணம் காட்டிச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆனாலும் அப்பாவுக்கு அப்படியேதான் அனுப்பினேன்.

இந்த முறையும் கை பழைய வழியிலேயே போனது. பாசத்தின் இருப்பிடம் என்று எழுதும்போதே உங்கள் குரல் கேட்டது. சுற்றும்போது யாராவது கூப்பிட்டு எண்ணிக்கை தவறிவிட்டால், அத்தனை கம்பியையும் உருவிவிடுவீர்கள். "உட்ட எடத்துல இருந்து எண்ண முடியாது தம்பி. அவுத்துப்போட்டு மொதல்ல இருந்து சுத்தோணும்." நானும் கிழித்துப்போட்டு முதலிலிருந்து எழுதினேன். 'அன்னூர் வட்டாரக் கிணற்று மோட்டார்களுக்கு முப்பது வருடம் காயில் கட்டியவர்.'

உங்கள் மகனுக்கு அந்த வரி பிடிக்கவில்லை. கோயமுத்தூரில் ஆபீஸ் வேலை. அவன் மகளுக்கு இப்போதுதான் நிச்சயம் ஆகியிருக்கிறது. பேப்பரில் இருப்பதோ ஆறு வரி இடம். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், காரியம் நடக்கும் நாள், தன் போன் நம்பர், இவை போதும் என்றான். "சம்பந்தி ஊட்டுல படிப்பாங்க மாமா. அம்மா மோட்டார் கட்டுனதையெல்லாம் போடோணுங்களா?"

நான் வாதாடவில்லை. வேறு எந்த அம்மாவுக்கும் பொருந்தாத ஒரு வரியை நீ சொல், அதையே போடுவோம் என்றேன். வெகுநேரம் யோசித்தான். "உங்க இஷ்டமுங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

செய்தி வந்த காலையில் அவனுக்கு வந்த முதல் போனே சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து. என் வரியையும் கீழே இருந்த நம்பரையும் மட்டும் பார்த்துவிட்டு, பட்டறை விளம்பரம் என்று நினைத்துவிட்டார் அந்த விவசாயி. "ஏனுங்க, மோட்டார் எரிஞ்சுபோச்சுங்க. கட்டித்தர எத்தன நாளாகுமுங்க? வெங்காயம் வாடுதுங்க."

உங்கள் மகன் இப்போது என்னைத்தான் பார்க்கப்போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது எங்கம்மாங்க. தவறிட்டாங்க."

அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். போனை வைக்கப்போனவரை இவன் தடுத்தான்.

"வெச்சுப்போடாதீங்க. மோட்டாரைக் கொண்டாங்க, நான் கட்டித் தாரேன்."

பள்ளிக்கூட லீவில் உங்களிடம் பழகிய கை, அக்கா! காரியம் முடியட்டும் என்று உறவுக்காரர்கள் தடுத்தார்கள். "அம்மா இருந்தா வெங்காயம் வாட உடுவாங்களா?" என்றான். அன்றைக்கே பட்டறையைத் திறந்துவிட்டான்.

இன்று அந்த மோட்டார் வார்னிஷ் பூசிக் காய்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னொன்றையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அதற்குத்தான் உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறான். சம்பந்தி வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது, அவர்கள் கிணற்று மோட்டாரும் நீங்கள் கட்டியதுதானாம். இதைச் சொல்லத்தான் ஓடிவந்தேன். "கண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

திரும்பிப் பார்க்காமலே இடது கையை உயர்த்தினான். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டேன், அக்கா. அவன் எண்ணி முடிக்கட்டும் என்று, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.