மாற்ற மறந்த எடுத்துக்காட்டு

அம்முவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். மாநாட்டுக்கு வந்து சேர்ந்தேன். சாப்பிட்டேன்.

இன்று காலையில் என் உரை முடிந்தது. ஒரு பத்தியில் 'அவள்' என்று வந்தால் அது யாரைக் குறிக்கிறது என்று கணினிக்குக் கற்றுத்தருவதுதான் இங்கே எல்லோருக்கும் பிழைப்பு. எடுத்துக்காட்டுகளை நாங்கள் வீட்டுப் பேச்சிலிருந்துதான் எடுப்போம். போன வருடம் நீ என்னிடம் சொன்னதை அப்படியே போட்டு வைத்திருந்தேன். மாற்ற மறந்துவிட்டேன். திரையில் வந்த பிறகுதான் பார்த்தேன்.

"பாப்பா இப்பதான் தூங்குறா. கதவை மெதுவா சாத்துங்க. அவளை எழுப்பிடாதீங்க."

யாரை எழுப்பக்கூடாது என்று கணினியைக் கேட்டேன். பாப்பாவை என்று சரியாகச் சொன்னது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தேநீர் இடைவேளையில் ஒரு பேராசிரியை சிரித்துக்கொண்டே வந்தார்.

"பாப்பாவுக்கு இப்ப என்ன வயசு?"

"ரெண்டு முடியப் போகுதுங்க."

வாயில் தானாக வந்துவிட்டது. இருந்திருந்தால் அவ்வளவுதானே ஆகியிருக்கும்.

தொட்டிலைக் கழற்ற உன் அண்ணன் வருவதாகச் சொன்னாயே, வரட்டும். நான் வருவதற்குள் முடித்துவிடச் சொல்.

இங்கே அறையில் நான் ஒருவன்தான். கதவை மெதுவாகத்தான் சாத்துகிறேன்.

உன்னவன்