பெட்ரோலில் கழுவிய கை

ஜூலை 6, ஞாயிறு
வாப்பா உத்திராபதி, சௌக்கியமா? டைரியில் என்னை நானேதான் விசாரித்துக்கொள்கிறேன். குறுவைக்குத் தண்ணீர் இறைத்த இன்ஜினில் ஒரு நண்டு குடித்தனம் இருந்ததே, அந்தக் கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் வீட்டுக்காரி மேகலா சத்தம் போட்டாள். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, காலில் அடிபடாமலே கன்றிக் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் என்ன எழுத்து என்கிறாள்.

ஜூலை 10
தஞ்சாவூர் போனோம். ரத்தத்தில் அணுக்கள் எல்லாமே குறைச்சல். டாக்டரம்மா என்ன வேலை என்றார். பூதலூரில் பம்புசெட்டு இன்ஜின் பிரிக்கிற வேலை, சாமான், கை எல்லாம் பெட்ரோலில்தான் கழுவுவோம் என்றேன். அதில் பென்சீன் என்று ஒன்று இருக்கிறதாம். மூச்சிலும் தோலிலும் புகுந்து, ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையைக் கெடுக்குமாம். ரத்தப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய்விடலாமாம்.

"பைக் டேங்குலேருந்து வாயாலயா உறிஞ்சுவீங்க?"

வேறு எதால் உறிஞ்சுவது என்றேன். அவர் சிரிக்கவில்லை. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள்.

ஜூலை 13
எனக்கா? பீடி கூட தொட்டதில்லையே. என்னத்த செஞ்சேன் நான்? கைய கழுவுனேன். அவ்வளவுதானே?

ஜூலை 21
புற்று இல்லை. மஜ்ஜை சோர்ந்திருக்கிறது, பெட்ரோலை விட்டால் தேறலாம். ஆனால் விடாமல் ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பஸ்ஸில் மேகலா என் கையை எடுத்து மோந்து பார்த்தாள். "இன்னும் நாறுது" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

ஆகஸ்ட் 17
பட்டறைக் கூட்டாளி செல்லதுரை பெட்ரோலை விட்டுவிட மசியவில்லை. நான் சோப்புத்தூள் கரைத்தால், "ஏண்ணே, இன்ஜினுக்கு சீயக்கா வாங்கியாரவா?" என்கிறான். ஆயுதபூஜைக்கு முதல் நாள் ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்பேனர்களையெல்லாம் பெட்ரோலில் குளிப்பாட்டுவது எங்கள் வழக்கம். சாமி காரியம், அதை விடமாட்டானாம்.

"அப்ப நான் பூஜைக்கு வரல. நீ முதல்ல ரத்தம் பாத்துட்டு வா" என்றேன். அவன் முகம் சுண்டிவிட்டது.

செப்டம்பர் 30
அணுக்கள் ஏறியிருக்கின்றன! முழுக்க இல்லை, ஏறுமுகம்தான் என்றார் டாக்டரம்மா. செல்லதுரையும் யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறான். அவனுக்கும் லேசாகக் குறைந்துதான் இருக்கிறதாம். நாளைக்குப் பூஜை. ஷட்டர் உச்சிவரை ஏறியிருக்கிறது, கையில் உறை மாட்டிக்கொண்டு அண்டா வெந்நீரில் சோப்புத்தூள் கலக்குகிறான். சீயக்காய் எங்கேடா என்று கேட்டதற்கு முறைக்கிறான். இன்றைக்காவது நண்டுக் கதையை முடிக்கிறேன். இன்ஜினின் உறிஞ்சு குழாயைக் கழற்றினேனா, உள்ளே அது கொடுக்கைத் தூக்கிக்கொண்டு — "அண்ணே, வென்னி ஆறுது, எழுதுனது போதும் வாங்க" என்கிறான். நண்டு கிடக்கட்டும், இப்போது ஸ்பேனரைக் குளிப்பாட்டப் போகிறேன்.