அடுத்த தூண்டிலில்

பாப்பாவுக்கு,

நான் தூண்டில் படகில் வேலைக்குப் போனது துறைமுகத்து மணிக்கூண்டு புயலில் சாய்ந்த வருஷம். நீ அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாய். நான் சொல்லச் சொல்ல இதைக் கீழ்வீட்டு டீச்சர் எழுதுகிறார்.

கடற்பறவைகளைக் காப்பாற்ற நிதி திரட்டும் உன் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டாயே. "கேக்குறவங்க கண்ணு கலங்கணும்பா, அப்பதான் கை பைக்குள்ள போகும்" என்றாய். கலங்க வைத்துவிடலாம்.

மைல் கணக்கில் நீளும் கயிறு, அது முழுக்கத் தூண்டில். ஓடும் படகின் பின்னாலிருந்து அதை விடும்போது, இரையைக் கவ்வும் பறவை முள்ளில் மாட்டிக் கயிற்றோடு தண்ணீருக்குள் போய்விடும். அன்று இரை கோத்தவன் உன் தாய்மாமன். முள் அவன் சட்டைக் கையில் ஏறி, ஓடும் கயிறு அவனைக் கடலுக்குள் இழுத்தது. "மச்சான், நிறுத்தச் சொல்லுங்க" என்றான். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நிறுத்துனா கயிறு சிக்கிக்கும். இழுக்கும்போது வருவான்ல?"

வந்தான். ஒரு தூண்டிலில் பறவை, அடுத்த தூண்டிலில் அவன். "ரெண்டையும் அறுத்து விடு, மீனுக்கு இடம் வேணும்" என்றார். உன் அம்மாவுக்குக் காட்ட உடம்பு இல்லாமல் போனது அதனால்தான்.

பறவைக்காக நீ பேசு, அவனுக்காக நான் பேசுகிறேன். என் நாற்காலியை மட்டும் தலைமை விருந்தினர் பக்கத்தில் போடு.

உன் அழைப்பிதழை டீச்சர் படித்துக் காட்டினார். அந்தப் படகில் போனவர்களில் என்னை விட்டால் இன்னும் மூச்சோடு இருப்பது ஒரே ஒருவர்தான். தலைமை விருந்தினர் பெயருக்கு மேல் 'பறவைகளின் காவலர்' என்று நீ பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாயே, அந்தக் கேப்டன்.

உன் அப்பா