மூன்று பிறை

கண்ணான என் நானாவுக்கு, உன் தங்கச்சியின் ஸலாம்.

எனக்கும் மூன்று தெரிகிறது, நானா. தெருவிளக்கு மூன்று. அதற்கு வால் வேறு. ஆறு மாதமாக இப்படித்தான். என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து போடுகிற கடிதத்தில் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் இன்னொரு வரி நிழலாக ஓடுகிறது. போன வாரம் பாண்டிச்சேரிக்குப் போய்க் கண் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது.

பெருநாள் பிறை தேடிய அந்த இருபத்தொன்பதாம் நோன்பு உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. நாம் இருவர்தான் மாடியில் நின்றோம். நீதான் முதலில் கத்தினாய். "புள்ள, அங்கே பாரு! பிறை! ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு தெரியுது." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ பள்ளிவாசலுக்கு ஓடினாய்.

அங்கே நடந்ததை வாப்பாவே வீட்டில் வந்து கத்தினார். பிறையின் கொம்பு எந்தப் பக்கம் பார்த்தது என்று தொழ வைக்கிற ஹஜ்ரத் சாட்சி கேட்டாராம். "எந்தப் பிறைக்குங்க ஹஜ்ரத்? மூணு இருந்துச்சு" என்றாயாம். ஜமாஅத்தே சிரித்ததாம். வாப்பா அத்தனை பேர் முன்னாலும் உன்னை அறைந்தாராம். சட்டையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தபோது உன் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"நீயும் மாடியிலதானே நின்னே? பிறை தெரிஞ்சுச்சா? நீ பாத்தேன்னு சொல்லு, நான் இப்பவே போயி ஹஜ்ரத்துக்கிட்ட சொல்றேன்" என்று என்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய்.

"தெரியல வாப்பா" என்றேன்.

தெரிந்தது, நானா. ஒரே ஒரு பிறை, நகம் வெட்டிப் போட்ட மாதிரி, தென்னை மட்டைக்குப் பக்கத்தில். நன்றாகத் தெரிந்தது. முதல் நாள் நான் குதிருக்குப் பின்னால் ஒளிந்து பிஸ்கட் தின்று நோன்பை முறித்ததை நீ உம்மாவிடம் சொல்லிக் கொடுத்துவிட்டாய். அதற்குத்தான். ஒரு பிஸ்கட்டுக்கு! வாப்பா மறுபடி உன்னை அடித்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாவி நான்.

மறுநாள் மஃரிபுக்கு, பொழுது விழுந்த நேரம், பிறை தடித்து, உயரத்தில் நின்றது. "இது ரெண்டாம் பிறையால்ல இருக்கு!" என்று பக்கத்து மாடியில் யாரோ சொன்னார்கள். அப்படியானால் முதல் பிறை முந்தின நாளே வந்துவிட்டது. வாப்பாவும் பார்த்தார். இறங்கிப் போய்க் கஞ்சி குடித்தார். உன்னிடம் யார் வந்து ஒரு வார்த்தை சொன்னார்கள்?

அப்புறம் காரைக்கால் உனக்குப் பெயரை மாற்றி வைத்தது. "மூணு பிறை வர்றாரு, வழி விடுங்கப்பா!" கண்ணாடிக் கடைக்காரர் நாலு தரம் கண்ணாடி மாற்றிப் பார்த்துவிட்டு, "பையனுக்குக் கண்ணுல ஒண்ணுமில்ல பாய், புத்தியிலதான்" என்றார். வாப்பா அதைத் தன் துணிக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து நீ எதையும் இரண்டாக, மூன்றாகப் பார்த்ததாகச் சொல்லவேயில்லை. யார் எதைக் காட்டித் தெரியுதா என்றாலும், தெரியுது என்றாய்.

அப்படியே வாப்பாவின் துணிக்கடை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டினச்சேரிக்கு வியாபாரத்துக்குப் போய்வந்தாய். பொழுது சாயும்முன் திரும்பிவிடுவாய், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. "நேரா வெளிச்சத்துக்குள்ள வந்து விழுந்தாரும்மா" என்று லாரிக்காரன் உம்மாவின் காலைப் பிடித்து அழுதான். அந்த லாரிக்கு எத்தனை விளக்கு தெரிந்தது உனக்கு? எது நிசம் என்று எதை வைத்து முடிவு செய்தாய்?

டாக்டரம்மா கறுப்பும் வெள்ளையுமாக வட்டம் போட்ட ஒரு தட்டை என் கண்ணுக்கு நேரே பிடித்து, நடுவில் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தார். "கருவிழி பந்து மாதிரி ஒரே சீரா வளைஞ்சிருக்கணும்மா. அப்பதான் இந்த வட்டம் அதுல வட்டமாவே விழும். உங்களுக்குக் கோணிக்கிட்டு விழுது. கீழ்ப்பக்கம் மெலிஞ்சு, கூம்பா முன்னால தள்ளியிருக்கு. வெளிச்சம் ஒரு இடத்துல சேராம சிதறுது. அதான் ஒண்ணு மூணாத் தெரியுது. சாதாரணக் கண்ணாடிக்கு இது அடங்காது" என்றார். கெட்டியான சின்ன லென்ஸ் ஒன்றைக் கண்ணின் மேலேயே வைத்தார். மணல் விழுந்த மாதிரி உறுத்தி, தண்ணீராகக் கொட்டியது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். சுவரில் விளக்கு ஒன்றுதான் இருந்தது.

இவ்வளவுதான் நானா உன் வியாதி. ஒரு தட்டு, ஒரு லென்ஸ். அதற்குப் பொய்யன் பட்டம், பைத்தியக்காரப் பட்டம், ஒரு கபுர்க் குழி.

"சில குடும்பத்துல ரெண்டு பேருக்கு வரும். உங்க வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். என்னோடு வந்திருந்த வாப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"இல்லீங்க" என்றேன்.

மறுபடியும்! வாப்பாவுக்காகச் சொன்னேன் என்று நினைக்காதே. எனக்காகத்தான். உன் கண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு அந்த மாடிக்கு வந்து நிற்கும், என் பொய் வெளியே வரும். பஸ்ஸில் திரும்பினோம். அம்பகரத்தூர் வந்ததும் வாப்பா, "அவனுக்கும் இதுதானா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷமும் யாராவது உன் பேச்சை எடுத்தால், "அல்லாஹ்வோட வீட்டுல பொய் சொன்னவன்" என்றுதான் சொல்லி வந்தார். பஸ்ஸில் வந்ததிலிருந்து அதைச் சொல்லவில்லை. நோன்பு திறந்த பிறகு சோறும் சரியாகத் தின்னவில்லை.

நாளைக்கு இருபத்தொன்பதாம் நோன்பு. வாப்பாவைக் கைப்பிடித்து மாடிக்கு ஏற்றுவேன். லென்ஸைக் கழற்றி டப்பாவில் போடுவேன். எத்தனை தெரிகிறது என்று அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "மூணு, வாப்பா" என்பேன். அன்றைக்கு இதே இடத்தில் நின்று ஒன்றைப் பார்த்தேன் என்பதையும் சொல்வேன். பிஸ்கட்டையும் விடமாட்டேன். கிழவருக்கு நெஞ்சு தாங்குமா என்று உம்மா பயப்படுவாள். தாங்காவிட்டால் தாங்காமல் போகட்டும். உனக்கு மட்டும் தாங்கியதா?

சொல்லி முடித்துக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்பேன், நானா. உனக்கு விழுந்த அறை எனக்கு வர வேண்டியது.

அன்றைக்குப் பிறை பார்த்தவள்,
உன் தங்கச்சி ஜுலைகா