இன்னும் ஒரு முழம்

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் லீலாவுக்கு அப்பா எழுதுவது. எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், மன்னித்துக்கொள் கண்ணு, நாலு வரி எழுதுவதற்குள் இட்லி ஆறிப்போகிறது. நானும் அம்மாவும் சுகம், அந்த ஆஸ்திரேலியாக் குளிர் உன்னையும் சுகமாக வைத்திருக்க வேண்டும். உன் தம்பி சக்திகுமாருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், கம்பெனி பஸ்ஸில் வந்து படுத்தவன் இன்னும் எழவில்லை, எழுந்ததும் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்கிறேன்.

நீ படம் பிடித்து அனுப்பிய கடிதத்தை நானே படித்தேன். படித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. நான் எழுத்துப் படிக்கும் முதியோர் வகுப்பில் மெர்சி டீச்சர் படித்துக் காட்டட்டுமா என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். போனில் எப்போதும் நன்றாக இருக்கிறேன் என்பாய், இதில்தான் உள்ளதை எழுதியிருக்கிறாய். பூமி பிளந்து மலை ஒரு பக்கம் உயர்ந்ததும், ஆறு அந்தப் பாறையை அறுத்துப் பொன்னைக் கொண்டுவந்து வேகம் குறைந்த இடத்தில் கூழாங்கல்லோடு விட்டதும், ஆறு செத்து மண் மூடி எத்தனையோ லட்சம் வருஷம் கழித்துப் பூமி மறுபடி நழுவியதும் புரிந்தது. அந்தப் பிளவு வரை துளை போட்ட இடமெல்லாம் பொன், தாண்டினால் நாலு துளையிலும் களிமண். ஆறு அங்கே முடிந்தது என்று எழுதி வியாழனுக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார் உன் சுரங்கக் கம்பெனி மேலதிகாரி. அந்தப் பக்கம் ஆறு கீழே இறங்கியிருக்கும் என்று உனக்குத் தோன்றுகிறது, ஆனால் நாலு வீணான பிறகு ஆழமாக ஐந்தாவது கேட்டால் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறாய்.

நானும் ஒரு உண்மை எழுதுகிறேன். காஞ்சிபுரத்தில் நகை ஆசாரிகள் தெருச் சாக்கடையில் பொன்தூளுக்காக மண்ணை அரித்துப் பிழைத்தோமே, உன் மூக்குத்திப் பொன்னை அங்கே நான் எடுத்ததாகச் சொல்லி வந்தேன். அது பொய். சாக்கடை அடியில் பதித்த கல் உடைந்து கீழ்ப்பக்கம் இறங்கி, மேலே சேறு மூடியிருந்தது. மேல்பக்கம் பொன் கிடைத்த அதே ஆழத்துக்குக் கீழ்ப்பக்கமும் தோண்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். அம்மா விடவில்லை. “கல்லு எறங்கிச்சின்னா, அதும் மேல இருந்த பொன்னு மட்டும் இன்னா பறந்தா பூடும்?” என்று கேட்டுத் தோள் வரை கையை விட்டாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்னும் ஒரு முழம் கீழே, உன் மூக்குத்திப் பொன் கருமணலோடு வந்தது.

இப்போது பக்கத்தில் நின்றுகொண்டு, “நீ சிரிச்சத எழுதினியாய்யா, படிச்சிக் காட்டு” என்கிறாள். படித்துக் காட்டினேன். இருபத்தைந்து வருஷம் கழித்து இன்றைக்குத்தான் என்னோடு சண்டை தீர்ந்தது என்கிறாள்.

அதனால் நீ ஐந்தாவது துளையைக் கேள் அம்மா. களிமண்ணே வந்தாலும் போகட்டும், பார்த்துவிட்டு எழுதியதாக இருக்கும். எனக்குக் கையெழுத்து வந்து நாலு மாதம் ஆகிறது. ரேஷன் கடையில்கூட முழுக்கப் படித்த பிறகுதான் போடுகிறேன், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். உன் மனசு ஒப்பாத தாளில் நீ போடாதே.

காலுறை இல்லாமல் வெளியே போகாதே. அம்மாவும் நானும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள். துளையில் என்ன வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த ஞாயிறு இதே நேரம் உனக்கு எழுத உட்காருவேன்.

முழுக்கப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் உன் அப்பா,
கோ. மண்ணாங்கட்டி