எங்கள் வீட்டு ரத்தம்

மார்ச் 3

இன்று இரண்டாம் ஆண்டு வகுப்பில் நொதிகளை ஆரம்பித்தேன். நொதி ஒரு பூட்டு, அது உடைக்க வேண்டிய பொருள் சாவி, வடிவம் பொருந்தினால்தான் வேலை நடக்கும் என்று வருடா வருடம் சொல்வதுதான். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "மேடம், பூட்டே கோணலா இருந்தா?" என்றாள். "சாவி வெளியவே சுத்திக்கிட்டிருக்கும், உன்னை மாதிரி" என்றேன். வகுப்பே சிரித்தது.

காலையிலிருந்து வயிற்றின் வலப்பக்கம் சுருக் சுருக்கென்று குத்துகிறது.

மார்ச் 4

குடல்வால். நாளை காலை அறுவை. "சின்ன ஆபரேஷன்தான்" என்கிறார்கள் எல்லோரும். வயிறு அவர்களுடையது இல்லையே.

மார்ச் 9

இன்றுதான் எழுதத் தெம்பு வந்தது. எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

அறுவை முடிந்து எனக்கு நினைவு வந்துவிட்டது. தட்டில் கத்திரிகள் விழும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. விரல்? அசையவில்லை. மூச்சு விட நினைத்தேன் — நெஞ்சு என் பேச்சைக் கேட்கவில்லை. ஏதோ ஒன்று எனக்குள் காற்றை அடைத்துக்கொண்டிருந்தது. செத்துட்டேனா? செத்தா இப்படித்தான் எல்லாம் கேக்குமா? "இவங்க ஏன் இன்னும் எழுந்திருக்கல?" என்று ஓர் ஆண் குரல். கத்தினேன், கத்தினேன், வாய்க்குள்ளேயே.

பிறகு என் காதோரம் ஒரு பெண் குரல். மயக்க மருந்து டாக்டர். "நான் பேசறது கேக்குதான்னு தெரியல. கேட்டா பயப்படாதீங்க. மருந்து இன்னும் இறங்கல, அவ்வளவுதான். உங்க மூச்சை நான் பாத்துக்கறேன். இப்ப மறுபடி தூங்க வைக்கறேன்."

அந்தக் குரல் மட்டும் இல்லையென்றால் பைத்தியம் பிடித்திருக்கும்.

மார்ச் 11

அதே டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று கேட்டுவிட்டு, "அப்போ உங்களுக்குச் சொல்றது சுலபம்" என்றார். தொண்டையில் குழாய் வைக்க, தசைகளைத் தளர்த்தும் ஊசி ஒன்று போடுவார்கள். மற்றவர்களின் ரத்தத்தில் இருக்கும் நொதி அதைச் சில நிமிடத்தில் உடைத்துவிடும். என் நொதி பிறவியிலேயே வடிவம் மாறியது. மருந்து அதில் பொருந்தவில்லை, உடையவும் இல்லை, மணிக்கணக்கில் என்னைக் கட்டிப்போட்டது. மற்றபடி எனக்கு எந்த நோயும் இல்லை. அந்த மருந்து மட்டும் ஆகாது.

வகுப்பில் சிரித்தது ஞாபகம் வந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கும் இருக்கலாம். உடனே சொல்லிடுங்க."

அக்கா. வாயும் வயிறுமாக, எட்டாம் மாதம்.

மார்ச் 14

அக்கா என்னைப் பார்க்க வந்தாள். அவள் மாமியார் கீழே மருந்துக்கடையில் நின்றார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"இது வெளிய போகக் கூடாது."

"ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைதான்க்கா..."

"எந்த ரிப்போர்ட் வந்தாலும் முதல்ல பாக்கறது அத்தைதான். போன தடவை கரு கலைஞ்சப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்க வீட்டு ரத்தமே சரியில்ல'ன்னாங்க. இப்ப நீயே போய் வெறும் வாயை மெல்லுறவங்களுக்கு அவல் குடுக்கப் போறியா? சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தபின் வேறென்ன சொல்வது?

மார்ச் 15

அம்மாவும் அவள் பக்கம்தான். "ஊர்ல எல்லாருக்கும் ஆபரேஷன் பண்ணியா பிள்ளை பொறக்குது?"

மார்ச் 20

அக்காவுக்குப் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். நோயாளியோ வீட்டுக்காரரோ நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். அத்தானோ வெளியூர் வேலையில். வைத்துவிட்டார்கள்.

மார்ச் 27

அக்கா போனில் சிரிக்கிறாள்: "காலு ரெண்டும் தலகாணி மாதிரி வீங்கிடுச்சுடி." ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறதாம். இதுல என்ன சிரிப்பு? வலிப்பு வந்தா? அவசரமா வயித்தைக் கிழிச்சா? அந்த ஊசியைத்தானே முதல்ல எடுப்பாங்க! அவளும் அப்படியே கிடப்பாளே, எல்லாம் கேட்டுக்கிட்டு.

மாமியாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஏன் மறைக்கிறாள் என்பதும் வாய் தவறி வந்துவிட்டது.

அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம். பிறகு, "அந்த மருந்து பேரு என்ன? எழுத்து எழுத்தா சொல்லு."

மார்ச் 28

அக்கா: "எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்ல." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2

வலிப்பு வந்தேவிட்டது.

நான் போய்ச் சேர்வதற்குள் அக்காவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அத்தான் வேலைக்குப் போன ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தார். வெளியே அக்காவின் மாமியார் மட்டும், ஒரு கால் பெருவிரலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். அந்தப் பரிசோதனைக்கு அக்கா கடைசிவரை சம்மதிக்கவில்லையாம். ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவளுக்குப் பேச்சில்லை. நர்ஸ் கதவை மூட, இவர் காலை நடுவில் கொடுத்திருக்கிறார்.

"மயக்க மருந்து குடுக்கறவர் வரட்டும், அவர்கிட்ட சொல்லாம காலை எடுக்க மாட்டேன்னுட்டேன். வந்தாரு. பேரைச் சொன்னேன். ஊசி கையிலதான் இருந்துச்சு. கீழ வச்சுட்டு வேற எடுத்தாரு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவையே பார்த்தபடி சொன்னார்: "அன்னிக்கு ஆத்தாமையில ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதைப் போய் இத்தனை நாள் மனசுல வச்சிருந்திருக்கா."

பெண் குழந்தை. அக்கா தானாகவே மூச்சு விடுகிறாள், தானாகவே விழித்தாள். என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். சரி. சொல்லியனுப்ப அவள் இருக்கிறாளே.

ஏப்ரல் 10

அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவை மாமியார்தான் போனில் படித்துக் காட்டினார். என்னுடையதேதான். அச்சு அசல்.

மே 6

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் அக்கா, கையில் பிள்ளை. நான் வாயைத் திறப்பதற்குள்,

"கோபம் இன்னும் போகல. கை கடுக்குது, பிடி" என்று நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். அதிகம் பேசவில்லை. என் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். எழுந்ததும் அவசர அவசரமாகக் கிளம்பினாள். பிள்ளையின் துணிப்பை சோபாவிலேயே கிடந்தது. போன் செய்தேன்.

"அங்கேயே இருக்கட்டும்டி" என்றாள். "நாளைக்கு வருவேன்ல."